மூன்றாவது சிலிண்டர்

பிறையில் என் பட்டறை வாசலில்
அது வந்து நின்றபோது
பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர்
முகத்தைத் துடைத்து, ஏசிவிட்டுப் போனார்.
நீலப் புகை.
பழைய டாட்சன் பிக்கப், வெள்ளைப் பெயிண்ட்,
மேலே நூற்றிருபது நாற்காலி, மடித்த கூடாரம்.

"குளுகோரில் சாவு வீடு, நாளை ஜூருவில் கல்யாணம்,"
என்றார் லோசனி, சாவியைத் தராமல்.
"இரண்டு வாரத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கிறது.
என் வீட்டுக்காரர் பரவாயில்லை,
குடித்தால் நகரவாவது மாட்டார்."

நாற்காலிகளை என் லோரியில் ஏற்றி
சுமனைப் பாலம் தாண்டி அனுப்பிவிட்டு
நான்கு பிளக்கையும் கழற்றினேன்.
மூன்று, வறுத்த கடலைத் தோலின் நிறம்.
ஒன்று மட்டும் கறுப்பு. விரலில் ஒட்டியது.

துளையில் கேஜைத் திருகி
"ஸ்டார்ட்டரைப் பிடியுங்கள், விடாதீர்கள்" என்றேன்.
நூற்று நாற்பத்தெட்டு.
நூற்று நாற்பத்தைந்து.
எழுபத்தெட்டு.
நூற்று ஐம்பது.
மூன்றாவதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு
மறுபடி.
முள் நூற்றிருபதுக்கு ஏறி நின்றது.
எண்ணெய்க்கு ஏறினால் ரிங்,
ஏறாவிட்டால் வால்வு.
ரிங்தான்.

ஹெட்டைத் தூக்கி, சம்பைக் கழற்றி
மல்லாந்து படுத்து விளக்கைப் பிடித்தபோது
கனெக்டிங் ராட் மூடிகளில்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
உளியால் குத்திய புள்ளிகள்,
எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து.
இடக்கைக்காரன் குத்தினால்தான் அப்படிச் சாயும்.

கதவிடுக்கைச் சுரண்டிப் பார்த்தேன்.
வெள்ளைக்கு அடியில் பச்சை.

ஜெலுத்தோங், ஆ சுவான் தவ்க்கேயின் பட்டறை.
தீபாவளிக்கு முந்தின நாள், மாலை ஐந்தரை.
மீன்காரரின் பச்சை வண்டி.
அவசரத்தில் வெறுங்கையால் விரித்தேன்,
மூன்றாவது பிஸ்டனின் புது ரிங்
முறுக்கு மாதிரி உடைந்தது.
சாமான் கடை அடைத்தாயிற்று.
தவ்க்கேயிடம் சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்.
பழைய ரிங்கைத் துடைத்து
திரும்பப் போட்டேன்.
வண்டி கிளம்பியது. நல்ல சத்தம்தான்.
மீன்காரர் எனக்கு ஐந்து வெள்ளி கொடுத்துவிட்டுப் போனார்.

பதினோரு வருடம் கழித்து
அதே ரிங்கைக் கழற்றி
சிலிண்டருக்குள் வைத்து இடைவெளியை அளந்தேன்.
என்னிடமிருந்த மிகத் தடித்த தகடு
உரசாமல் நுழைந்தது.

சுவரைத் தேய்த்து, ஒரு செட் புது ரிங் வாங்கி
இந்த முறை விரிக்கும் இடுக்கியால்
ஒவ்வொன்றாக, மூச்சை அடக்கி.
மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை கழற்றி மாட்டினேன்.
சுமன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பில்லில் மூன்று பிஸ்டனுக்கான காசை மட்டும் எழுதினேன்.
அது போதும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.
நாற்காலி எண்ணிப் பிழைப்பவரிடமா?

லோசனி பில்லை இரண்டு தரம் படித்தார்.
"ரிங் செட்டாகத்தானே விற்கும்?"
"ஆமாம்."
"பிஸ்டன் நாலுதானே?"
"ஆமாம்."
"அப்படியென்றால் எதற்குப் போடவில்லை?"

கேஜை எடுத்துக் கையில் கொடுத்தேன்.
தானே திருகினார், தானே படித்தார்.
மூன்றாவது: நூற்று நாற்பத்தாறு.
கைப்பேசியில் முள்ளைப் படம் எடுத்துக்கொண்டார்.
"பிறகு ஏன் குறைத்தாய்?"

"பழைய பாக்கி."
"எனக்கா?"
"வண்டிக்கு."

என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.
நாலாவது பிஸ்டனுக்கும் சேர்த்து
முழுக் காசையும் மேசையில் எண்ணி வைத்து
ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

மாதம் ஒருமுறை இப்போதும் வருகிறார்.
வண்டியை அணைக்கிறார். பானெட்டைத் திறக்கிறார்.
குச்சியை உருவி, கல்யாண வீட்டு மேசைத்துணியில் துடைத்து,
மறுபடி விட்டு எடுத்து,
எண்ணெய் மேல்கோட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு
என்னையும் ஒருமுறை பார்க்கிறார்.
இன்னும் கேட்கவில்லை.